நிறுவிய பிறகு மிஞ்சுவது

(பழைய கணினிகளில் லினக்ஸ் பயன்படுத்தத் தொடங்கியிருப்போருக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய கணினிகள் நேற்று வரை நன்றாக ஓடியவைதான். 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்த மடிக்கணினிகள் பல இன்றும் பரணில் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மறுவாழ்வு கொடுக்க நினைப்பவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். இந்த அரங்கில் இருக்கும் பலரும் அப்படி வந்தவர்கள்தாம்.

லினக்ஸை நிறுவுவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. பென் டிரைவைச் செருகி, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்தினால் அந்த வேலை முடிந்துவிடும். நான் பேச வந்தது மறுநாள் காலையைப் பற்றி. கணினி எழுகிறது, திரை வருகிறது. ஆனால் வைஃபை இல்லை. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறது. திரை வெளிச்சத்தைக் குறைக்க முடியவில்லை. தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை. ‘இது நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சிக்கல்களை நாம் ‘கோளாறு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கோளாறு என்றவுடன் எதையாவது கழற்றி மாட்ட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. நான் வேறு கோணத்தில் பார்க்கச் சொல்கிறேன். நிறுவி முடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் சிக்கல் பெரும்பாலும் ஒரு முடிவு. யாரோ, எப்போதோ, எதையோ நம்பி எடுத்த முடிவு. அது எங்கோ ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பையும் அதை எழுதியவரையும் கண்டுபிடிப்பதுதான் பழுதுநீக்கம். மாற்றுவது பல நேரம் ஒரு வரி வேலை.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன்: கடிகாரம். கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பது தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறு கடிகாரச் சில்லு. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியிலிருந்து அது இருக்கிறது. அந்தச் சில்லுக்கு நேரம் தெரியும். எந்த ஊர் நேரம் என்று தெரியாது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே கணினியில் இரண்டும் இருந்தால், சில்லில் காலை 10 மணி என்று இருப்பதைப் பார்த்து லினக்ஸ் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி மாலை 3.30 என்று காட்டும். இணையம் கிடைத்ததும் அது சரியான நேரத்தைத் தெரிந்துகொண்டு, சில்லைப் பொது நேரத்துக்குத் திருத்தி வைக்கும். அடுத்து விண்டோஸைத் திறந்தால் அங்கே அதிகாலை 4.30!

எனவே கடிகாரம் தவறாக இருந்தால், எவ்வளவு தவறு என்று முதலில் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், இரண்டு இயங்குதளங்களுக்கு இடையே உள்ள கருத்து வேறுபாடு. பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சில நிமிடங்கள் மட்டும் பிசகினால், இணையத்தோடு நேரம் ஒத்துப்பார்க்கும் சேவை ஓடவில்லை. ஒரே அறிகுறி, அளவை வைத்து மூன்று காரணங்கள். பேட்டரி விஷயத்தில் இன்னொரு கவனம் வேண்டும். தேதி பழையதாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று உலாவி மறுக்கும். மென்பொருள் புதுப்பிப்பும் அதே காரணம் சொல்லி நின்றுவிடும். நாம் இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டு மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

ஐந்தரை மணி நேரக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ‘சில்லில் இருப்பது உள்ளூர் நேரம்’ என்று லினக்ஸிடம் சொல்லலாம். அல்லது ‘சில்லில் இருப்பது பொது நேரம்’ என்று விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதலாம். இரண்டாவதே நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொண்டு கட்சி மாறியிருப்பார். ஐந்தரை மணி நேரம் அப்படியே நிற்கும். இரண்டு தீர்வுகள் சேர்ந்து ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். செய்த பிறகு மறுதொடக்கம். பலனைப் பார்த்த பிறகே அடுத்தது. இந்த ஒழுங்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது, எல்லோரும் கேட்கும் வைஃபை. 2006 ஜூலையில் இன்டெல் கோர் 2 டியோ வந்தது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளின் மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் வைஃபை அட்டை இருக்கும். இந்த அட்டைக்கு இரண்டு மென்பொருள் துண்டுகள் தேவை. ஒன்று, லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருக்கும் டிரைவர். இன்னொன்று, அட்டைக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர். டிரைவர் லினக்ஸில் இருக்கிறது. ஃபர்ம்வேர் உற்பத்தியாளருடையது, அதை மற்றவர்கள் பகிர உரிமம் வேண்டும். லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் குழு 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, திறந்த உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அப்படித்தான் வருகிறது. பெரும்பாலான வைஃபை அட்டைகளின் சிக்கல் அன்றோடு தீர்ந்தது. ஆனால் பழைய பிராட்காம் அட்டைகளுக்கான ஃபர்ம்வேரைப் பகிரும் உரிமம் கிடைக்காததால் அது வட்டில் இல்லை. நிறுவிய பிறகு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். வைஃபை வேண்டுமென்றால் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் வேண்டாம்.

இதுவரை சொன்னது நேர்வழி. சிக்கல் எப்போது முற்றுகிறது என்றால், நாம் அவசரப்படும்போது. பிராட்காம் அட்டைக்கு இன்னொரு டிரைவரும் உண்டு. நிறுவனமே கொடுத்தது, மூலநிரல் முழுவதும் திறக்கப்படாதது. யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுவுகிறோம். அது வேலை செய்யவில்லை, நீக்கிவிடுகிறோம். பிறகு சரியான ஃபர்ம்வேரை இறக்குகிறோம். அப்போதும் வைஃபை வரவில்லை! சரியான மருந்து கொடுத்தும் நோய் தீரவில்லையே என்று குழம்புகிறோம்.

நடந்தது இதுதான். நிறுவனத்தின் டிரைவர் உள்ளே வரும்போது, தனக்குப் போட்டியான டிரைவர்களைக் கர்னல் ஏற்றக்கூடாது என்று ஒரு தடைப்பட்டியலை, அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் எழுதி வைக்கிறது. அது அதன் நியாயம். இரண்டு டிரைவர்கள் ஒரே அட்டையைப் பிடித்து இழுக்க முடியாது. டெபியன் குடும்பத்தில் ஒரு பேக்கேஜை ‘நீக்கு’ என்றால் நிரல்கள் போய்விடும். ஈடிசியில் உள்ள அமைவுக் கோப்புகள் இருக்கும். நாளைக்கு அதே பேக்கேஜைத் திரும்ப நிறுவினால் உங்கள் அமைவுகள் தொலைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணம். அதனால் தடை விதித்தவர் வீட்டைக் காலி செய்து போன பிறகும் தடை மட்டும் அமலில் இருக்கிறது.

இப்படி மிஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டிபிகேஜி என்ற பேக்கேஜ் மேலாளரிடம் பட்டியல் கேட்டால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டெழுத்து நிலைக்குறி வரும். ‘ஐஐ’ என்றால் முறையாக நிறுவப்பட்டது. ‘ஆர்சி’ என்றால் நீக்கப்பட்டது, ஆனால் அமைவு மிஞ்சியிருக்கிறது. ‘ஐஎஃப்’ என்றால் அமைக்கும் வேலை பாதியில் நின்றுவிட்டது. இந்த மூன்றாவது வகை, மின்தடையாலோ பேட்டரி தீர்ந்தோ அணைந்துபோன பழைய கணினிகளில் அதிகம் காணப்படும். அமைக்காமல் விட்டதை எல்லாம் அமைத்து முடி என்று டிபிகேஜிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் தொடர்ந்து முடித்துவிடும். ‘ஆர்சி’ என்று நிற்பவற்றை ‘பர்ஜ்’ என்ற கட்டளையால் அமைவோடு சேர்த்து அகற்றலாம். மொத்தமாக அகற்றிவிடாதீர்கள், பட்டியலைப் படித்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதில் நீங்களே கைப்பட எழுதிய அமைவும் இருக்கலாம்.

இன்னொரு மிச்சம் நிறுவும் நேரத்திலேயே உண்டாகிறது. பழைய கிராஃபிக்ஸ் சில்லு உள்ள கணினியில் நிறுவல் திரை கறுப்பாகிவிட்டால், ‘நோமோட்செட்’ என்ற சொல்லை, கர்னலைத் தொடங்கும் பூட் வரியில் சேர்க்கச் சொல்வார்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் திரையின் அளவைத் தானே அமைக்க வேண்டாம் என்பது அதன் பொருள். நிறுவல் முடிந்துவிடும். பிறகு பார்த்தால் திரை 1024க்கு 768 என்ற அளவிலேயே நிற்கும், காணொளி விட்டுவிட்டு ஓடும், செயலி கொதிக்கும். காரணம், பூட் வரியில் மூன்று சிறு கோடுகளுக்குப் பின்னால் எழுதிய சொற்களை டெபியன் நிறுவி, நிறுவப்பட்ட கணினிக்கும் கடத்திவிடுகிறது. அவசரத்துக்குச் சொன்ன ஒரு சொல் நிரந்தரமாகிவிட்டது.

அதை எடுக்கப் போகும்போது கவனம். பூட் அமைவு இரண்டு இடங்களில் இருக்கிறது. நாம் திருத்த வேண்டியது ஈடிசிக்குள் இருக்கும் ‘கிரப்’ கோப்பு. அதைப் பார்த்துக் கணினியே தயாரித்துக்கொள்வது பூட் அடைவுக்குள் இருக்கும் இன்னொரு கோப்பு. ‘இதைத் திருத்தாதே’ என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். அதில் திருத்தினால் அடுத்த கர்னல் புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் காணாமல் போகும். முதல் கோப்பில் மட்டும் திருத்திவிட்டு, மறுதயாரிப்புக் கட்டளையைக் கொடுக்க மறந்தால் எதுவுமே மாறாது. ஆகவே எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நடப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எந்தப் பூட் வரியோடு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கர்னலே ‘ப்ராக்’ அடைவில் காட்டுகிறது.

பூட் ஆகும்போது நிற்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு வருவோம். ஏற்கெனவே ஒரு லினக்ஸ் இருக்கும் வன்தட்டில் இன்னொரு லினக்ஸை நிறுவுகிறீர்கள். புதியவர் அங்கிருக்கும், நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பகுதியைத் தனக்கும் எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாக வடிவமைக்கிறார். அப்போது அந்தப் பகுதியின் அடையாள எண் மாறிவிடுகிறது. பழைய லினக்ஸைத் திறந்தால், அது தன் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்திருக்கும் பழைய எண்ணைத் தேடுகிறது. அப்படி ஒரு பகுதி இப்போது இல்லை. சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு மேலே போகிறது. எஃப்எஸ்டேப்பில் புதிய எண்ணை எழுதினால் சரியாகிவிடும். அதன் பிறகும் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் தயங்கினால் வியக்க வேண்டாம். தூக்கநிலையிலிருந்து மீள்வதற்காக அதே பழைய எண், பூட் தொடக்கத்தில் பயன்படும் இனிஷியல் ராம் அமைவிலும் எழுதப்பட்டிருக்கும். ஒரே தகவலை இரண்டு பேர் இரண்டு இடத்தில் குறித்து வைத்திருந்தால் இரண்டையும் திருத்த வேண்டும்.

விண்டோஸ் பகுதியில் உள்ள படங்களைப் பார்க்க முடிகிறது, புதிதாக எதையும் எழுத முடியவில்லை என்பது இன்னொரு பொதுவான புகார். விண்டோஸ் 8இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து, கோப்பு முறைமையைத் திறந்த நிலையிலேயே விட்டுப் போகிறது. தான் திரும்பி வரும்வரை யாரும் அங்கே கை வைக்க மாட்டார்கள் என்பது அதன் நம்பிக்கை. லினக்ஸ் அதைக் கண்டுகொண்டு எழுத மறுக்கிறது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றத்தான். கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் வழிகளைத் தேடாதீர்கள். விண்டோஸின் மின்சக்தி அமைவில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

திரை வெளிச்சக் கதை கொஞ்சம் சுவாரசியமானது. மடிக்கணினியின் பயாஸ், தன்னை இயக்க வந்திருக்கும் இயங்குதளத்திடம் ‘நீ இன்ன விண்டோஸா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று சொன்னால்தான் சில வசதிகளைச் சரியாகத் திறக்கும். தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்திருப்பதால், லினக்ஸ் கர்னலும் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘ஆம்’ என்றே சொல்லிவிடுகிறது. பயாஸ் சில நேரம் அதை நம்பி, விண்டோஸுக்கே உரிய ஒரு வழியில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் திரையில் அளவுகோல் ஏறி இறங்கும், வெளிச்சம் அசையாது. வெளிச்சக் கட்டுப்பாட்டை எந்த இடைமுகத்தின் வழியாகச் செய்வது என்று கர்னலிடம் சொல்லும் பூட் சொற்கள் சில உண்டு. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். பூட் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பார்க்க முடியும். பலன் தெரிந்த பிறகே கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள்.

தமிழ் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகக் கிடைக்கிறது. பேக்கேஜை நிறுவிய உடனே பட்டியலில் தேடிவிட்டு ‘இல்லையே’ என்கிறார்கள். உள்ளீட்டு முறை எது என்பதை உங்கள் அமர்வு லாகின் ஆகும்போதுதான் படிக்கிறது. வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். எழுத்துரு சரியாக இருந்தும் பழைய ஆவணம் மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது என்றால், அது கணினியின் சிக்கல் இல்லை. அந்த ஆவணம் யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நிலையான வழி. பழைய எழுத்துருவைத் தேடி நிறுவுவது இன்னொரு மிச்சத்தைச் சேர்ப்பதாகும்.

இத்தனை உதாரணங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் கணினியில் வருவது நான் சொல்லாத ஒன்றாகவே இருக்கும். எந்த அடுக்கில் சிக்கல் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முறை கைவந்தால் போதும். அதற்கு இரண்டு சோதனைகள் சொல்கிறேன்.

ஒன்று, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். அங்கே வைஃபையும் ஒலியும் வேலை செய்தால் உங்கள் வன்பொருள் நலமாக இருக்கிறது. வன்தட்டில் நிறுவிய அமைப்பில் ஏதோ முடிவு தவறாக எழுதப்பட்டிருக்கிறது. அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் ஃபர்ம்வேர், பயாஸ், கர்னல் பக்கம் தேடுங்கள். மடிக்கணினியின் ஓரத்தில் வைஃபையை அணைக்கும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்; பழைய மாதிரிகளில் அது உண்டு.

இரண்டாவது, புதிதாக ஒரு பயனரை உருவாக்கி அந்தப் பெயரில் லாகின் ஆகிப் பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் தவறு உங்கள் ஹோம் அடைவில் இருக்கிறது. பழைய ஹோம் பகுதியை அழிக்காமல் வைத்துக்கொண்டு மேலே புதிய பதிப்பை நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பழைய டெஸ்க்டாப்பின் அமைவுகள், புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகளில் அப்படியே இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள், பெயரை மாற்றி ஒதுக்கி வையுங்கள். தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் முன்னால் கணினியிடமே கேட்க வேண்டும். கர்னல் எழும்போது தான் பார்த்ததையெல்லாம் லாகில் எழுதுகிறது. எந்த ஃபர்ம்வேர் கோப்பைத் தேடியும் கிடைக்கவில்லை என்று பெயரோடு அங்கே இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் இணையத்தில் தேடினால், வேறு ஒருவர் வேறு ஆண்டில் வேறு அட்டைக்குச் செய்த வைத்தியம்தான் கிடைக்கும். அதை அப்படியே ஒட்டினால், அவருடைய முடிவு உங்கள் கணினியில் மிச்சமாகிவிடும்.

எல்லாவற்றையும் தீர்த்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. அத்தகைய கணினியை வைத்திருப்பவர் பழைய பதிப்பில், அதன் ஆதரவுக் காலம் முடியும்வரை இருக்கலாம். விரல் ரேகை வாசிப்பான் வேலை செய்யாவிட்டால் கடவுச்சொல் இருக்கிறது. எதை விட்டுவிடுவது என்பதையும் நாமே தெரிந்து எடுத்த முடிவாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் திருத்தும் ஒவ்வொரு கோப்பும் நாளை இன்னொருவருக்கு மிச்சமாகப் போகிறது. அந்த இன்னொருவர் உங்கள் மகளாக இருக்கலாம். ஓர் ஆண்டு கழித்து எல்லாவற்றையும் மறந்துவிட்ட நீங்களாகவும் இருக்கலாம். திருத்துவதற்கு முன் கோப்பை நகல் எடுங்கள். திருத்திய வரிக்கு மேலே ஒரு குறிப்பு வரி எழுதுங்கள்: தேதி, காரணம், முன்பு என்ன இருந்தது. கொஞ்சம் பழகியவர்கள் ‘ஈடிசிகீப்பர்’ என்ற கருவியை நிறுவிக்கொண்டால், ஈடிசி அடைவில் நடக்கும் மாற்றங்களின் வரலாற்றை அதுவே காத்து வைக்கும். அது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கணினியை யாருக்காவது கொடுக்கும்போது நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். ‘வைஃபை வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. லாகில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லுங்கள், சேர்ந்து பார்ப்போம்.